படிவத்தில் இல்லாத கட்டம்

கடலூர்ப் பேருந்தில் வந்து சேர்ந்தது பெட்டி.
ஐஸ் வைக்காதே என்று சிவப்பில் எழுதியிருந்தும்
யாரோ அதன்மேல் குளிர்ந்த பால் பாக்கெட்டுகளைச்
சாய்த்து வைத்திருந்தார்கள். ஈரம்.
முள்ளோடைச் சாவடியில்
எதிர்த்திசைப் பைகளைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள்,
பாட்டில் தேடி.
புதுச்சேரிக்குள் வரும் ரத்தத்தை
என்னவென்று கேட்க ஆளில்லை.

பத்து மில்லி.
வேம்பரசி, முப்பத்தொன்று, தேவனாம்பட்டினம்,
பன்னிரண்டாம் வாரம்.

இரண்டு முறை சுழற்றினேன்.
சிவப்பெல்லாம் அடியில் இறங்க
மேலே நின்றது பிளாஸ்மா,
நீர்த்த நல்லெண்ணெய் நிறத்தில்.

அதில் மிதப்பவை எல்லாம்
செத்தவை விட்டுப்போனவை.
ஒவ்வொரு நாளும் நமக்குள் கோடிக்கணக்கில்
செல்கள் சாகின்றன,
துக்கம் விசாரிக்க யாருமில்லாமல்.
போகிறபோது
கையிலிருந்த ஏட்டைக் கிழித்துப் போட்டுப் போகின்றன.
துண்டுக்கு நூற்றறுபத்தாறு எழுத்து.
ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்,
அதற்குள் கல்லீரல் பெருக்கித் தள்ளிவிடும்.
கருவின் துண்டு இன்னும் சற்றுக் குட்டை.
கருவின் என்பது தவறு, நஞ்சுக்கொடியின்.
இப்படித் திருத்திக்கொள்வதுதான் என் தொழில்.

லாஸ்பேட்டை ஆய்வகத்தில்
நாங்கள் செய்வது வெறும் எண்ணிக்கை.
இருபத்தொன்றாம் குரோமோசோமிலிருந்து எத்தனை துண்டு,
பதினெட்டிலிருந்து எத்தனை,
பதின்மூன்றிலிருந்து.
ஒய் மட்டும் திரைக்கு வராது.
ஆணா பெண்ணா சொல்லக் கூடாது, சட்டம்.
அந்தக் கட்டத்தில் எப்போதும் கறுப்பு.
இருப்பதைச் சொல்லாமலிருக்க
எங்களுக்குப் பழக்கம் உண்டு.

இரவு இரண்டேகாலுக்கு ஓட்டம் முடிந்தது.
அந்த மூன்றும் சரி.
ஆனால் எட்டு வீங்கியிருந்தது.
பதினேழில் ஒரு கை குறைந்திருந்தது.
ஒன்றில் ஏற்றம், பதினாறில் பள்ளம்.
தானே புயலுக்கு மறுநாள்
வண்டிப்பாளையத்துக் கூரைகள் நின்ற மாதிரி.

இத்தனை கோணலோடு
ஒரு கரு பன்னிரண்டு வாரம் தாண்டாது.
இதுவோ ஸ்கேனில்
நிமிடத்துக்கு நூற்றறுபது துடிப்போடு
கால் உதைத்துக்கொண்டிருக்கிறது.
அப்படியானால்
யார் கிழித்துப் போட்டது இது?

மென்பொருளுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்:
முடிவு இல்லை. மறுமாதிரி அனுப்பவும்.
பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு
நான் வீட்டுக்குப் போகலாம்.
யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு நாள் கேட்டு மறுபடி ஓட்டினேன்,
வேறு தட்டில், புதிதாகப் பிரித்த வினைப்பொருளில்.
அதே கூரைகள்.

டாக்டர் அமலோற்பவம்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
குழந்தை நல்லாத்தான் இருக்கும் என்றார்,
நல்ல செய்தி சொல்கிற குரல் இல்லை அது.
நிணக்கட்டி, மார்பு, எதுவா வேணா இருக்கலாம்.
வெறும் நார்க்கட்டியாவும் இருக்கலாம்.
ரத்தம் முகவரி சொல்லாது.
படிவத்தைப் புரட்டினார்.
குழந்தைக்குப் பதினோரு கட்டம்.
தாய்க்குப் பெயர், வயது, எடை.

போனில் முதலில் வந்தது மீன் ஏலம்.
பிறகுதான் அவள்.
புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே மேடம்?
ஒண்ணும் இல்லம்மா.
அப்பறம் எதுக்கு நேர்ல வரச் சொல்றீங்க?

ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு,
பின்னால் யாரோ
ஒரு கூடைக்கு விலை ஏற்றிக்கொண்டே போனார்கள்.
டாக்டர் தொண்டையைச் செருமினார்.
இந்தத் தடவை உனக்காக வாம்மா.

ஆயிரத்து முந்நூற்றைம்பது.

நான் பேனாவை எடுத்து
பதினொன்றுக்குக் கீழே ஒரு கட்டம் போட ஆரம்பித்தேன்.
மூன்று கோடு போட்டிருந்தேன்,
அவள் கேட்டாள்:

வெறும் வயித்தோட வரணுமா மேடம்?